முன்சீட்டில் யார் உட்காருவது

இங்கே டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவார்கள், தம்பி. குடிக்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு வாங்கிவரச் சொல்கிறேன். அந்த ஸ்டூலின் ஓரத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். விழுப்புரத்தில் ஆயில் சீல், கேஸ்கெட் என்றால் இந்த அலெக்ஸ் கடையைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் வந்தவரை உட்காரவைக்க ஒரு நல்ல நாற்காலி கிடையாது.

தை மாதம் எங்கள் மாமனார் வீட்டின் கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள். அப்புறம் நீங்களும் நானும் சகலைகள். சகலைகளுக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று நினைக்கிற ஆள் நான். உங்கள் வீட்டில் முதல் சாப்பாடு சாப்பிட்டுக் கை நனைக்க வந்த அன்று எங்கள் வீட்டார் எல்லோரும் மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றிய டெம்போவில் வந்து இறங்கினோம் இல்லையா, அதைப் பற்றி உங்கள் தெருவில் இன்னும் பேசிச் சிரிக்கிறார்களாம். நீங்கள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இனியவன் என்று உங்களுக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்காததாலேயே உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் நம் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவுரிராயன் மாமா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர்களின் வண்டிகளை நிறுத்திவைத்தவர். கேட் திறந்ததும் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு பறப்பார்கள், இவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு நிற்பார். சொந்தமாக ஒரு வண்டியை ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை அங்கேயே அவருக்கு விழுந்துவிட்டது. ஆனால் ஒரு மழைநாளில் தண்டவாள ஜல்லியில் விழுந்ததில் இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவாது.

இரும்பை கிராமத்துப் பக்கம் பானை செய்துகொண்டிருந்த பெல்ஜியத்து அம்மா ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய வேனை விற்பதாகக் கேள்விப்பட்டு மாமா போய்ப் பார்த்தார். உங்களுக்கும் எனக்கும் வயதில் மூத்த வேன். ஆட்டோமேட்டிக் கியர். இடது காலுக்கு வேலையே கிடையாது. மாமா அதை ஓட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்த அன்று வாசலில் இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் ஓட்டக்கூடிய வண்டி, அவர் கைக்கு எட்டிய வண்டி, அது ஒன்றுதான். இதை நான் நன்றாகவே தெரிந்துவைத்திருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வேனில் ஒரு விசேஷம் உண்டு. வெளிநாட்டு வண்டி ஆகையால் ஸ்டீயரிங் இடது பக்கம். முன்னால் இரண்டே சீட்டுதான், நடுவில் இன்ஜின் பெட்டி. ஆகவே மாமா பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அந்த ஆள் வலது பக்கம், அதாவது நம் ஊரில் டிரைவர் உட்காரும் இடத்தில் இருப்பார். தெருவில் பார்ப்பவர்களுக்கு அவர்தான் ஓட்டுகிறார், வண்டியே அவருடையது என்று தோன்றும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்தோடு எங்கேயாவது ஒரு சுற்று போவோம். மாமா, அத்தை, என் மனைவி அமலா, நான், அமலாவின் தங்கை ஆரோக்கியசெல்வி, அவள் வீட்டுக்காரர் தென்னரசு, அப்புறம் உங்களுக்கு வரப்போகிற கடைசிப் பெண். மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது முன்சீட்டு யாருக்கு என்பதை நம் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஞாயிறு நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்கதவருகே நின்றேன். தென்னரசு வந்து என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, பின்னால உக்காந்தா எனக்குக் கொமட்டிக்கினு வரும்ணே. நான் முன்னால ஏறிக்கட்டுமா?"

மாமா உள்ளே இருந்தபடி, "ஏறுங்க மாப்ள, ஏறுங்க. அலெக்ஸ் மாப்ள ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு" என்றார்.

நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பின்னால் ஏறி அத்தையின் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மரக்காணம் வரை போனேன். அங்கே தென்னரசு இறால் பிரியாணி இரண்டு தட்டு சாப்பிட்டார். குமட்டுகிற ஆள் சாப்பிடும் அளவா அது என்று நீங்களே யோசியுங்கள். திரும்பும்போது ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, நேராக வலது பக்கம் வந்து தென்னரசுவிடம் லைசன்ஸ் கேட்டார். "ஓனரு அந்தாண்ட கீறாரு சார்" என்று தென்னரசு சொல்ல, வண்டியே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார். நானும் சிரித்தேன், கூடை சாயாமல் பிடித்துக்கொண்டு.

முன்சீட்டு என்பது ரெக்சின் போட்ட ஒரு பலகை, அவ்வளவுதான். அதற்காக மனசு கஷ்டப்படுகிற ஆள் நான் இல்லை. வாரத்தில் ஆறு நாளும் அதைப் பற்றி நினைக்கவே மாட்டேன். அமலா வேறு மாதிரி சொல்வாள், அவளுக்கு எதையும் பெரிதாக்கும் பழக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் வண்டி ஒழுக ஆரம்பித்தது. நம்புங்கள், அந்த முதல் ஒழுகலில் என் பங்கு ஒன்றுமில்லை. ஒரு ஞாயிறு காலையில் மாமா வாசலில் சிவப்பாக ஒரு திட்டைப் பார்த்துவிட்டு, பூனையை யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து அத்தையை எழுப்பினார். நான் விரலில் தொட்டு முகர்ந்து வெள்ளைத் தாளில் தேய்த்துக் காட்டினேன். இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும், இது சிவப்பு, தண்ணியாக இருக்கிறது, இது கியர்பாக்ஸ் ஆயில் என்றேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை நகர்த்துவதே அந்த ஆயில்தான். அது தீர்ந்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது, உள்ளே எல்லாம் தீய்ந்துபோகும். இதைச் சொல்லும்போது எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை காபியை முதலில் எனக்குக் கொடுத்தார், அப்புறம்தான் தென்னரசுவுக்கு.

இந்த வேலையில் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தேன். ஆரோக்கியசெல்வியின் முகப்பவுடர் டப்பாவை வாங்கி, கியர்பாக்ஸ் மேல் முழுக்கத் தூவினேன். "ஐயோ, புது டப்பா மாமா" என்று அவள் என்னிடம் கத்தினாள். அப்புறம் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கியர் மாறும்போது சத்தம் எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும், அதற்கு இன்ஜின் பெட்டியை ஒட்டி உட்கார வேண்டும் என்றும் சொன்னேன். அது உண்மைதான்.

"பெரிய மாப்ள முன்னால உக்காரட்டும்" என்றார் மாமா. தென்னரசு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

தம்பி, அந்தப் பெருமுக்கல் வரையான பயணத்தை நான் மறக்க மாட்டேன். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டேன். மேம்பாலத்தின் கீழே என்னோடு படித்த ஒருவன் பார்த்துவிட்டு, "இன்னாடா அலெக்ஸு, வேனு வாங்கிக்கினியா?" என்று கத்தினான். நான் இல்லை என்று சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். மாமா வழியெல்லாம் என்னிடம்தான் பேசிக்கொண்டுவந்தார். "கேட்டாண்ட நிக்கும்போது நெனப்பேன் மாப்ள, ஒரு நாளு நானும் இப்டி போவணும்னு" என்றார். திரும்பிவந்து குனிந்து பார்த்தால், வெள்ளைப் பவுடரில் சிவப்புக் கோடு கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டின் விளிம்பிலிருந்து புறப்பட்டிருந்தது. முன்பு யாரோ போல்ட்டுகளைக் கண்டபடி முடுக்கித் தட்டை வளைத்துவைத்திருந்தார்கள். நான் தட்டைக் கழற்றி, மரக்கட்டைமேல் வைத்து விளிம்பைத் தட்டி நேராக்கி, கசிவை அடைக்க என் கையாலேயே கார்க் ஷீட்டில் கேஸ்கெட் வெட்டிப் போட்டேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. என் தொழிலில் அதைவிட நல்ல வேலையை நான் செய்ததில்லை.

அடுத்த ஞாயிறு தென்னரசு முன்னால் ஏறினார். கூடை என் மடிக்கு வந்தது.

இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஒழுகல் நின்றுவிட்டது, கேட்க வேண்டிய சத்தம் ஒன்றுமில்லை, ஆகவே நான் முன்னால் உட்காரக் காரணமும் இல்லை. மாமாவின் நியாயம் சரிதான். நான் அதே நியாயத்தைக் கொஞ்சம் நீட்டினேன், அவ்வளவே. அன்று சாயங்காலம் எல்லோரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டிக்கு அடியில் போய் இரண்டு போல்ட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். பழைய வண்டியில் போல்ட்டு தானாகவே தளரத்தான் செய்யும். அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் குறைத்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்புறம் நன்றாகப் போயிற்று. ஒழுகும், நான் போவேன், பவுடர் தூவுவேன், முன்னால் உட்கார்ந்து சத்தம் கேட்பேன், சரிசெய்வேன், சில வாரம் கழித்து மறுபடி ஒழுகும். மாமாவுக்கும் ஒரு துணை ஆயிற்று. ஆனால் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தூக்கத்தில் எழுந்து டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்க்கிறார் என்று அத்தை சொன்னார். கோட்டக்குப்பத்தில் சனாவுல்லா பாய் என்று ஒரு மெக்கானிக், துபாயில் ஆட்டோமேட்டிக் வண்டிகளிலேயே வேலைபார்த்து வந்தவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாமா அவரைக் கூப்பிட்டுவந்தார். அது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டார். "வேல சுத்தமா கீது. ஆனா இந்த போல்ட்டு தானா லூசாவுற போல்ட்டு இல்ல" என்றார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தட்டு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். போல்ட்டை யாராவது திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நல்ல யோசனை. நான் அவரை மனசாரப் பாராட்டினேன்.

ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் சூடானால் குளிர்வதற்காக ரேடியேட்டர் வரை ஒரு குழாய் வழியாகப் போய்த் திரும்பும். அந்தக் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ், அதற்கு ஒரு கிளிப். பாய் அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே நானும் அமலாவும் திண்டிவனம் போய்விட்டோம். அன்று அந்தக் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்திவைத்தேன். காலையில் சிறு சொட்டு தெரியும், சத்தம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி முன்னால் உட்கார்ந்து உங்கள் தெருவுக்குள் வரலாம், போய்ச் சேர்ந்ததும் கிளிப்பை முடுக்கிவிடலாம் என்பது என் எண்ணம். புது மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகப் பார்க்கும்போது மூத்த மாப்பிள்ளை எந்தச் சீட்டிலிருந்து இறங்குகிறார் என்பது என் ஒருவனுடைய மரியாதை இல்லை, குடும்பத்தின் மரியாதை.

காலையில் மாமா என்னை ஆயில் பார்க்கச் சொன்னார். இந்த ஆயிலை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளவுக்கம்பியை உருவினேன். நுனியில் மட்டும் ஈரம். நான் நினைத்ததைவிடக் கிளிப் அதிகமாகத் தளர்ந்திருக்கிறது, ஆயில் பாதிக்குமேல் போய்விட்டது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மாமா எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தென்னரசு மாப்ள முன்னால. பின்னால ஏறினா பழத்தட்டு மேல வாந்தி எடுத்துருவாரு, சம்பந்தி வூட்டுக்குப் போற தட்டு. அலெக்ஸ் மாப்ள தட்டுங்களப் பாத்துக்கட்டும், அவருதான் பொறுப்பான ஆளு." அப்புறம் என்னிடம் திரும்பினார். "ஆயில் எப்டி கீது மாப்ள?"

அவர் அன்று புது வேட்டி கட்டியிருந்தார். மீசையை ஒழுங்குபண்ணியிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கம்பியைத் துணியில் நன்றாகத் துடைத்து உள்ளே செருகினேன்.

"சரியா இருக்கு மாமா. போலாம்" என்றேன்.

கிளிப்பை முடுக்க அரை நிமிடம் போதும். ஸ்க்ரூடிரைவர் என் பையில்தான் இருந்தது. டிக்கியில் ஒரு டப்பா ஆயிலும் இருந்தது. ஆனால் சட்டை புதிது, தரையில் படுக்க முடியாது. கீழே தேங்கியிருந்த ஆயில்மேல் காலால் மண்ணைத் தள்ளினேன். யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாதே.

விக்கிரவாண்டி வருவதற்கு முன்பே இன்ஜின் கத்த ஆரம்பித்தது. மாமா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், சத்தம் ஏறுகிறதே தவிர வண்டி தளர்கிறது. பின்னால் வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. பெண்கள் அலறினார்கள். தீய்ந்த நாற்றம் உள்ளே வந்தது. ஓரங்கட்டி நின்றதும் மாமா லிவரை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "இன்னா ஆச்சு இதுக்கு, இன்னா ஆச்சு" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்புறம் இறங்கி, அந்தக் காலை இழுத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று கையைக் காட்டினார். வாழ்நாளெல்லாம் வண்டிகளை நிறுத்திய மனுஷன். ரொம்ப நேரத்துக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தம்பி. பொய் சொல்லவில்லை, கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

அந்த டெம்போதான் கடைசியில் நின்றது. மாமாவும் அத்தையும் முன்னால் ஏறினார்கள். மற்றவர்கள் தட்டுகளோடு மூட்டைமேல். கொஞ்ச தூரம் போவதற்குள் தென்னரசு முகம் வெளுத்து, ஆப்பிள் தட்டின்மேல் வாந்தி எடுத்தார். ஒரு தட்டு குறைகிறதே என்று உங்கள் அம்மா கேட்டார்களாம், அது இதுதான். சிலர் எவ்வளவு தூரம் நடிப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாய் வந்து கியர்பாக்ஸைத் திறந்தார். உள்ளே தார் மாதிரி கறுத்துப்போயிருந்தது. கிளிப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோ கை வெச்சிக்கீறாங்க பெரியவரே" என்றார். மாமா எங்களைப் பார்த்தார். நான் யார்மேலும் பழி போடவில்லை. போன ஞாயிறு தென்னரசு வண்டிக்கு அடியில் போனார் என்று மட்டும் சொன்னேன். போனது உண்மை. என் ஸ்பேனர் உருண்டு போய்விட்டது, எடுத்துத் தரச் சொல்லியிருந்தேன். அதை அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை.

"மாமா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை. அண்ணன்தான் ஸ்பேனர் எட்தாரச் சொன்னாரு" என்றார் தென்னரசு. ஆனால் அவர் மென்று விழுங்கித்தான் பேசுவார். சந்தேகப்படுகிறவர்களுக்கு அது போதும். ஆரோக்கியசெல்வி அழுதுகொண்டே அவரோடு அவர் ஊரான செஞ்சிக்குப் போனவள்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அத்தை சாப்பிடும்போதெல்லாம் அவளை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நான்தான் ஆறுதல் சொல்லிவருகிறேன்.

வேன் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மாமா சாயங்காலமானால் அதில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். தெருவில் போகிறவர்கள் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். வண்டி நகரவில்லை என்பது ஒரு குறைதான், மற்றபடி நிறைவாக இருக்கிறது.

இதெல்லாம் நான்தான் செய்தேன், தம்பி. போல்ட்டு, கிளிப்பு, அந்த ஒரு வார்த்தை, எல்லாம் நான். நீங்கள் போய் மாமாவிடம் சொல்லலாம், தடுக்க மாட்டேன். ஆனால் கழுத்தில் மாலை ஏறுவதற்கு முன்பே மூத்த மாப்பிள்ளைமேல் கதை கட்டுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பெயர் கெடுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், சனாவுல்லா பாய் ஷார்ஜாவிலிருந்து ஒரு பழைய கியர்பாக்ஸை வரவழைத்துவிட்டார். தைக்குள் வண்டி ஓடும் என்கிறார். மாமா அந்தச் செய்தியைக் கேட்டு இரண்டு நாளாகச் சாப்பிடுகிறார், சிரிக்கிறார். மறுவீட்டுக்கு உங்களை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றி அழைத்துப்போகப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கியர்பாக்ஸுக்கு வேண்டிய சீல், ஹோஸ், கிளிப் எல்லாம் இந்தக் கடையிலிருந்துதான் போகின்றன. மாட்டித்தரும்போது கூட இருக்கச் சொல்லி மாமாவே கேட்டிருக்கிறார்.

அன்று அவர் கூப்பிட்டால், புதுப்பெண்ணோடு பின்னால் உட்கார ஆசை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். புது மாப்பிள்ளை அப்படிச் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எனக்காகக் கேட்கவில்லை, நான் எங்கே வேண்டுமானாலும் உட்காருவேன். மாமா இன்னொரு தடவை அப்படி நடுரோட்டில் நிற்பதை என் மனசு தாங்காது, தம்பி.